நான்கு ஜன்னல் வீடு

சௌந்தரபுரி,
ராமநாதபுரம் மாவட்டம்.
14 ஜூலை 2024

அன்புள்ள ஃப்ளோரா,

நான் இங்கே வந்து இருபது நாள் ஆகிறது. தினமும் சாயங்காலம் உனக்குப் போன் செய்கிறேன். மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது. நீ நலமாக இருப்பதை நம் மகள் வினோலியா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். "என்கிட்ட நல்லாத்தான் பேசறாங்கப்பா. உங்க பேர எடுத்தா மட்டும் அடுப்புல ஏதோ கருகுதுன்னு வெச்சிடறாங்க" என்றாள். பெங்களூரில் மாமியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவளும் எத்தனை நாளைக்கு நமக்கு நடுவில் தூது போவாள்? அதனால் எழுதுகிறேன். நம் கல்யாணத்துக்கு முன்னால் உனக்கு எழுதியதுதான் கடைசி. கையெழுத்து கோணலாகத்தான் வருகிறது.

இந்த இடத்தை நீ பார்க்க வேண்டும். சுற்றிலும் உப்பளம். அதற்கு நடுவில் சோலார் தகடுகளுக்குக் கண்ணாடி செய்யும் தொழிற்சாலை. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, முதலாளி தன் தொழிலாளிகளுக்காகக் கட்டிய மாதிரிக் கிராமம் இது. சௌந்தரம் என்பது அவருடைய அம்மாவின் பெயர். இருநூற்று நாற்பது வீடுகள், எல்லாமே வெள்ளை. காலையில் உப்புப் பாத்திகளில் தண்ணீர் நிற்கும்போது அத்தனை வீடும் தலைகீழாக அதில் தெரியும். காற்று வந்தால் கிராமமே மெதுவாக அசையும். முதல் நாள் ஜீப்பிலிருந்து இறங்கியபோது எது தரை, எது வானம் என்று தெரியாமல் காலை வைக்கத் தயங்கி நின்றேன்.

நம் லைன் வீடுகளைப்போல முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இல்லை. ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் எட்டடி இடம். சுவர்கள் இரட்டைச் சுவர்கள், நடுவில் காற்று மட்டும். வெயிலும் உள்ளே வராது, சத்தமும் வராது. வீட்டுக்கு நான்கு ஜன்னல். நான் பிறந்த வீட்டில் ஒரு ஜன்னலும் கிடையாது, உனக்குத் தெரியும். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டிக்கொடுத்த ஒற்றை அறையில் ஏழு பேர். பக்கத்து வீட்டு இருமலும் அதற்கடுத்த வீட்டுச் சண்டையும் என் தலையணைக்கு வந்துவிடும். ஒரு நாளாவது சத்தமில்லாமல் தூங்க வேண்டும் என்பதுதான் சின்ன வயதில் என் பெரிய ஆசை.

முதலாளி என்னை எதற்கு வேலைக்கு எடுத்தார் தெரியுமா? நேர்காணலில் ஒரே கேள்விதான் கேட்டார். "எங்க வளர்ந்தீங்க?"

"கம்பெனி வீட்லதான் சார். கோலார் தங்கவயல்" என்றேன்.

"அப்ப, எப்படிக் கட்டக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றார். அவருடைய அம்மா மில் தொழிலாளியின் மனைவியாம். ஒற்றை அறை வீட்டில் இருபது வருஷம் இருந்தாராம். "அழறதுக்குக்கூட அவங்களுக்கு ஒரு இடம் இருந்ததில்ல. அழுதா நாலு வீட்டுக்குக் கேக்கும்" என்று சொன்னார். அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

குடியிருப்பு சூப்பர்வைசர் என்பது என் வேலை. எனக்கும் ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். முதல் நம்பர். கிழக்கு ஜன்னலைத் திறந்தால் உப்பளம். நீ வந்தால் போதும்.

உன்
சிரில்


சாம்பியன் ரீப்ஸ்,
கோலார் தங்கவயல்.
30 ஜூலை 2024

வினோலியாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. "இன்னாக்கா இது, கையால எழுதின லெட்டரு! பார்த்து எவ்ளோ வருசம் ஆச்சு" என்று போஸ்ட்மேன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

நான் ஏன் போனை எடுப்பதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எடுத்தால் உங்கள் குரல் கெஞ்சும். நான் சரி என்று சொல்லிவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. காகிதத்தில் உங்களுக்குக் குரல் இல்லை. அதனால் இனிமேல் காகிதத்திலேயே பேசுவோம்.

சுரங்கம் மூடின மறு வருஷம் பெங்களூர் வேலைக்குப் போக ஆரம்பித்தீர்கள். விடியும் முன்னே ரயில். நீங்கள் திரும்பி வரும்போது தட்டை மூடி வைத்துவிட்டு நான் தூங்கிப்போயிருப்பேன். இருபத்திரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமையில் காலை சர்ச், மத்தியானம் தூக்கம். வாடகைக்கு இருப்பவர்கூட வீட்டுக்காரியிடம் அதைவிட அதிகமாகப் பேசுவார். "ரிட்டயர் ஆவட்டும் பாரு, வூட்ட வுட்டு நகர மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ஏப்ரல் கடைசியில் ரிட்டயர் ஆனீர்கள். ஐம்பத்து மூன்று நாள் வீட்டில் இருந்தீர்கள். இருந்தீர்களா? காலையில் குளித்து, தலை வாரிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு மத்தியானம்தான் வந்தீர்கள். ஐம்பத்து நான்காவது நாள் பெட்டியைத் தூக்கினீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆர்டர் வந்துவிட்டது என்று காகிதத்தைக் காட்டினீர்கள்.

சத்தம், சத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே காலையில் என்ன சத்தம் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாது, அப்போது நீங்கள் ரயிலில் இருப்பீர்கள். பக்கத்து வீட்டுப் பார்வதம்மா எழுந்ததும் நடுச் சுவரைக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவார். நானும் இரண்டு தட்டுவேன். அவ்வளவுதான். போன வருஷம் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், தட்ட முடியவில்லை. ஐந்து நிமிஷத்தில் கஞ்சிச் சொம்போடு வாசலில் நின்றார். "இன்னாடி, உசுரோட கீறியா?" என்றார். அன்றைக்கு நீங்கள் வந்து படுத்து, எழுந்து, போய்விட்டீர்கள். எனக்குக் காய்ச்சல் என்றே உங்களுக்குத் தெரியாது.

எனக்கு அடிக்கடி ஒரு கனவு வருகிறது. சுரங்கத்தில் பம்புகள் நின்றபிறகு தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறதல்லவா? கனவில் நான் ஆட்களை இறக்கும் கேஜில் இறங்குகிறேன். லெவல் லெவலாகத் தண்ணீர். அடியில் நம் லைனைப்போலவே ஒரு லைன். அதே கதவுகள், அதே வரிசை. பார்வதம்மாவின் வீட்டுக்காரர், செத்துப்போனவர், கொடியில் சட்டையைக் காயப் போடுகிறார். சட்டை தண்ணீரில் மெதுவாகக் கையை ஆட்டுகிறது. எல்லார் வீட்டிலும் ஆள் இருக்கிறது. நம் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கிறது. எழுந்தால் வாயெல்லாம் குளிர்ச்சி.

நான் வர மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளோரா


சௌந்தரபுரி,
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஃப்ளோரா,

உன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நீ எழுதியதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த ஐம்பத்து மூன்று நாளும் வீட்டில் எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே நின்றாலும் உன் வேலைக்கு நடுவில் நின்றேன். நீ விளக்குமாற்றை எடுத்தால் காலைத் தூக்கிக்கொண்டேன். ஸ்டேஷன் பெஞ்சில்தான் எனக்கென்று ஒரு இடம் இருந்தது. இந்த வேலை வந்தபோது, வேறு வீட்டில் புதிதாக ஆரம்பித்தால் இரண்டு பேருக்கும் இடம் இருக்கும் என்று நினைத்தேன். அதைச் சொல்லத் தெரியாமல் ஆர்டரைக் காட்டினேன்.

இங்கே வேலை பழகிவிட்டது. காலையும் மாலையும் சைக்கிளில் நான்கு தெருவும் சுற்றி வந்து, 'குறை ஒன்றுமில்லை' என்று பதிவேட்டில் எழுத வேண்டும். வெளியூரிலிருந்து கட்டடக்கலை படிப்பவர்கள் படம் எடுக்க வருகிறார்கள். இந்தக் கிராமத்துக்கு ஏதோ விருது கிடைத்திருக்கிறதாம். அதனால் வீட்டின் முகப்பை யாரும் மாற்றக் கூடாது என்பதில் பிளான் போட்ட இன்ஜினீயர் கண்டிப்பாக இருக்கிறார்.

நூற்றுப் பதினேழாம் நம்பரில் தாமோதரன் என்று ஒருவர். உலைப் பிரிவில் வேலை. ஐம்பது வயதிருக்கும். வாசலில் இரண்டு மூங்கிலை நட்டு, பனையோலையில் பந்தல் போட்டு, ஒரு பெஞ்சும் போட்டுவிட்டார். ஷிப்ட் முடிந்தால் பத்துப் பேர் அங்கே. இன்ஜினீயர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான்தான் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டேன். நான்தான் ஆள் வைத்துப் பிரித்தேன். தாமோதரன் சண்டை போடவில்லை. ஓலையை அவரே மடித்துக் கட்டிக் கொடுத்தார்.

"வெயிலு உள்ளதான் வராதே, அப்புறம் எதுக்குப் பந்தல்?" என்று கேட்டேன்.

"வெயிலுக்குன்னு போடல சார். யாராச்சும் வந்து உக்காருவாகன்னு போட்டேன்" என்றார்.

இப்போது தெரு சுத்தமாக இருக்கிறது. சாயங்காலம் உப்பளத்தின்மேல் சிவப்பு விழும்போது நான்கு தெருவிலும் ஓர் ஆள் இருக்காது. எல்லாக் கதவும் வெள்ளையாக மூடியிருக்கும். தூக்கத்தில் நடப்பதுபோல நான் மட்டும் சைக்கிளில் போவேன்.

உன்
சிரில்


சாம்பியன் ரீப்ஸ்,
8 செப்டம்பர் 2024

வினோலியாவின் அப்பாவுக்கு,

நோட்டீஸில் நீங்களா கையெழுத்துப் போட்டீர்கள்? அந்த வரியை மூன்று தடவை படித்தேன்.

நம் லைனில் கம்பெனி கட்டியது என்ன? நான்கு சுவர், ஒரு கூரை. மீதி எல்லாம் இங்கே குடியிருந்தவர்கள் கட்டியது. சமையலறை, குளிக்கிற மறைப்பு, கொய்யா மரம், திருவிழாவுக்குக் கொடி கட்டும் கம்பம் எல்லாமே. என் அப்பா வாசலில் தகரம் இறக்கியபோது கம்பெனி மேஸ்திரி வந்து பிரித்துப் போட்டார். அப்பா மறுநாள் போட்டார். மறுபடி பிரித்தார், மறுபடி போட்டார். மூன்று தடவை. நான்காவது தடவை மேஸ்திரி அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனார். எனக்கு அப்போது ஏழு வயது. டம்ளரைக் கொடுத்தது நான்தான். நீங்கள் எத்தனையாவது தடவையில் டீ குடிப்பீர்கள்?

முதலாளி நல்லவராக இருக்கலாம். அம்மாவை நினைத்து அழுகிற மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் தன் அம்மாவுக்கு வீடு கட்டியிருக்கிறார். அதில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன். வேறு ஒன்று சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பேத்தமங்களா ஏரிக்குப் போனேன். ஆமாம், தனியாக. கல்யாணமான புதிதில் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னீர்கள். இனிமேல் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று பஸ் ஏறிவிட்டேன். இத்தனை வருஷம் நம் குழாயில் வந்த தண்ணீர் அங்கே பெரிதாகப் படுத்திருந்தது. நம் லைனில் எல்லாரும் குடித்தது, குளித்தது, என் அம்மா வினோலியாவுக்கு முதல் தண்ணீர் ஊற்றியது எல்லாம் அங்கிருந்து புறப்பட்டதுதான். நீர்க்காக்கை ஒன்று முங்கியது. எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெகு தூரம் தள்ளி எழுந்தது. ஒன்றுமே யோசிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் பார்த்தேன், இரண்டு பேருக்குச் சாதம் கட்டியிருக்கிறேன்.

அதற்காக வந்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். கை பழக்கம், அவ்வளவுதான்.

ஃப்ளோரா


சௌந்தரபுரி,
6 அக்டோபர் 2024

ஃப்ளோரா,

இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

தாமோதரனின் மனைவி தங்கம்மா, பரமக்குடியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். தாமோதரனுக்கு விடுமுறை. செப்டம்பர் இருபத்தெட்டு, சனிக்கிழமை காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழ முடியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தங்கம்மா ஊரிலிருந்து வந்து கதவைத் திறந்தபோதுதான் பார்த்தார். ஒன்றரை நாள் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார்.

கத்தியிருக்கிறார். குரல் போனபிறகு குவளையால் சுவரைத் தட்டியிருக்கிறார். அந்தச் சுவர் இரண்டு சுவர், ஃப்ளோரா. நடுவில் காற்று.

நான் சனிக்கிழமை இரண்டு தடவை அந்த வழியாகப் போனேன், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தடவை. பதிவேட்டில் மூன்று முறை 'குறை ஒன்றுமில்லை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை ஒரு சத்தம் என் காதில் விழுந்தது. டொக், டொக் என்று, சின்னதாக. சைக்கிளை நிறுத்திக் கேட்டேன். மரங்கொத்தி என்று நினைத்துக்கொண்டு மிதித்துவிட்டேன். மரங்கொத்தி வந்து கொத்தும் அளவுக்கு இங்கே ஒரு மரம்கூடக் கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். தாமோதரன் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், நான் சூப்பர்வைசர் என்பதால். "நீங்க வந்தீக சார். சைக்கிள் செயின் சத்தம் எனக்குக் கேட்டுச்சு" என்றார். திட்டவில்லை. கேட்டது என்று மட்டும்தான் சொன்னார்.

பந்தல் இருந்திருந்தால் பத்துப் பேர் அந்த வாசலுக்கு வந்திருப்பார்கள்.

சிரில்


சாம்பியன் ரீப்ஸ்,
14 அக்டோபர் 2024

வினோலியாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பார்வதம்மா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

உங்களை மன்னிக்க வேண்டியவள் நானில்லை. "பரவாயில்லை, விடுங்கள்" என்று எழுதினால் அது பொய். அவருக்கு இனிமேல் என்ன ஆகும்? அதைக் கேட்டீர்களா?

இன்னொரு கேள்வி. மூன்று கடிதம் எழுதிவிட்டீர்கள். முதல் நம்பர் வீட்டின் ஜன்னலைப் பற்றி எழுதினீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எங்கே படுக்கிறீர்கள், எங்கே சமைக்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. ஏன்?

ஃப்ளோரா


சௌந்தரபுரி,
3 நவம்பர் 2024

அன்புள்ள ஃப்ளோரா,

உன்னிடம் எதுவும் தப்பாது. முதல் நம்பர் வீட்டில் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. பூட்டியே வைத்திருந்தேன். ஆபீஸில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். முதன்முதலில் அந்தக் கதவை நீ திறக்க வேண்டும் என்று நினைத்தேன். மாலையில் போய் வெளியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். காலியான தரையில் வெளிச்சம் படுத்திருக்கும். அங்கே நீ நடப்பதுபோல, ஏதோ எடுக்க வந்து என்னவென்று மறந்து நிற்பதுபோல எல்லாம் நினைத்துக்கொள்வேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்ததும் வந்துவிடுவேன்.

தாமோதரனுக்கு என்ன ஆகும் என்று கேட்டாய். விதி என்னவென்றால், தொழிற்சாலையில் வேலை செய்பவருக்குத்தான் வீடு. அவரால் இனி உலைக்கு முன்னால் நிற்க முடியாது. ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் தயாராகி என் மேசைக்கு வந்தது. அதில் என் பெயர் அச்சடித்திருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. சுரங்கம் மூடின அன்றைக்கு நம் லைன் முழுவதும் ஒரே கேள்விதான், உனக்கு நினைவிருக்கும். வேலை போனால் வீடும் போகுமா? நீ வினோலியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாய். நான் அப்போதும் பதில் சொல்லவில்லை.

இந்தத் தடவை கையெழுத்துப் போடவில்லை. ஆனால் நான் போடாவிட்டால் வேறொருவர் போடுவார். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே தாமோதரனையும் தங்கம்மாவையும் முதல் நம்பர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அது எனக்குக் கொடுத்த வீடு. என் விருந்தாளிகள் என்று பதிவேட்டில் எழுதி வைத்தேன். சாவியைத் தங்கம்மாவிடம் கொடுத்தேன். "உங்க வீட்டம்மா என்ன சொல்லுவாக?" என்று கேட்டார். "தெரியலம்மா" என்றேன். அதற்கப்புறம் கிடங்கிலிருந்து மூங்கிலை எடுத்து வந்து, வாசலில் நானே பந்தல் போட்டேன். கோணலாகத்தான் வந்தது. மூன்றாம் நாளே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் முதலாளி இனிப்பு கொடுக்க வந்தார். பந்தலைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொன்னார். இன்ஜினீயர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், அவரைக் கை காட்டி நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"நான் இவங்களுக்கு நிம்மதியத்தான கட்டிக் குடுத்தேன், சிரில்?"

"ஆமா சார். ஆனா நீங்க கட்டினதுல யாரும் யாரையும் கூப்பிட முடியாது."

கட்டிலில் படுத்திருந்த தாமோதரனைப் பார்த்தார். சுவரில் கையை வைத்துப் பார்த்தார். காரில் ஏறிவிட்டார். பந்தலைப் பிரிக்கச் சொல்லவில்லை. என் வேலை இருக்குமா என்றும் தெரியவில்லை.

உனக்கென்று வைத்திருந்த வீட்டை உன்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டேன். மறுபடியும் உன்னைக் கேட்கவில்லை. இதற்கும் கோபப்படு.

உன்
சிரில்


முதல் நம்பர் வீடு,
சௌந்தரபுரி,
24 நவம்பர் 2024

வினோலியாவின் அப்பாவுக்கு,

நேற்று ஐந்து மாதத்துக்கப்புறம் உங்கள் போனை எடுத்தேன். "எங்க கீறே நீ?" என்று நீங்கள் கேட்க, "நீங்க எங்க கீறீங்க?" என்று நான் கேட்டேன். பக்கத்தில் தங்கம்மா சிரித்த சிரிப்பு உங்களுக்கும் கேட்டிருக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றைக்கே புறப்பட வேண்டும் என்று தோன்றிவிட்டது. ரயில் டிக்கெட் கிடைக்கத்தான் இத்தனை நாள். சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று நினைத்தேன். உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சேலம் வழியாக இங்கே வந்திருக்கிறேன். அதே நாளில் நீங்கள் சென்னை வழியாக அங்கே போயிருக்கிறீர்கள். உடனே ரயில் ஏறி வருகிறேன் என்றீர்கள். வேண்டாம் என்றேனே, அது கோபத்தில் சொன்னதில்லை. உங்கள் வீட்டில் நான் கொஞ்ச நாள் இருக்கிறேன். நம் வீட்டில் நீங்கள் கொஞ்ச நாள் இருங்கள்.

வீடு அழகாகத்தான் இருக்கிறது. அதை ஒப்புக்கொள்கிறேன். காலையில் கிழக்கு ஜன்னலைத் திறந்தால் வெள்ளையைத் தவிர வேறொன்றும் இல்லை. நாரைகள் தங்கள் நிழலின் மேலேயே நின்றுகொண்டிருக்கின்றன. நேற்று மத்தியானம் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கென்று கேட்காதீர்கள், இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். சத்தம் போட்டு. என் வாழ்க்கையில் அப்படி அழுததே இல்லை. நம் லைனில் முடியாது, பார்வதம்மா கஞ்சியோடு வந்துவிடுவார். சௌந்தரம் அம்மாவின் மகன் எதற்காக இப்படிக் கட்டினார் என்று அப்போதுதான் புரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். பந்தலில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள்.

தாமோதரனைப் பிடித்து நிறுத்தினால் நான்கு அடி வைக்கிறார். கண்ணாடிகளைச் சோதிக்கிற இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாக ஆபீஸிலிருந்து நேற்று ஆள் வந்து சொன்னார். அது முதலாளி சொல்லி நடந்ததா, தெரியாது. உங்களை நிறுத்தியவர்கள் அவரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் தெருவில் புதிதாக மூன்று பந்தல் முளைத்திருக்கிறது. உங்களுடையதைவிட நேராக இருக்கிறது. இன்னும் யாரும் வந்து பிரிக்கவில்லை, இந்த வீட்டுச் சாவியையும் கேட்கவில்லை.

டிசம்பர் பத்தாம் தேதி வருகிறேன். அரிசி நீல டப்பாவில். கியாஸை மூட மறக்காதீர்கள்.

ஃப்ளோரா


சாம்பியன் ரீப்ஸ்,
29 நவம்பர் 2024, வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஃப்ளோரா,

நீ அழுததைப் படித்தேன். நீ அழுகிற இடத்தில் நான் இல்லாமல் இருந்ததுகூட நல்லதுதான் என்று தோன்றுகிறது. நான் இருந்திருந்தால் கெஞ்சியிருப்பேன்.

வந்த அன்றைக்கு ஊரே என்னை வேடிக்கை பார்த்தது. "இன்னா சிரிலு, இன்னிக்கு ரயிலு வுட்டுட்டியா?" என்று பார்வதம்மா கேட்டார். "வேலய வுட்டுட்டேன்" என்றேன். "அப்ப வா, இந்தக் கீரைய ஆய்ஞ்சு குடு" என்று முறத்தை என் மடியில் வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு இடது கண் தெரியாது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் இரண்டு நாளும் கால் தானாக ஸ்டேஷன் பக்கம் போனது. மூன்றாம் நாள் போகவில்லை. வீட்டிலேயே இருந்தேன். எங்கே உட்காருவது என்று இப்போதும் தெரியவில்லை. சமையலறையில் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்தேன், எழுந்தேன். சுவரோரம் நின்றுகொண்டிருந்தபோது மணி பதினொன்று ஆகியிருக்கும்.

கூரையில் நடுவாக ஒரு கண்ணாடி ஓடு போட்டிருக்கிறாயே, அது எப்போது போட்டது? எனக்குத் தெரியாது. அதன் வழியாக ஒரு துண்டு வெயில் இறங்கியது. முதலில் தரையில் ஒரு தட்டு அளவு. அப்புறம் முறம் அளவு. சிவப்புத் தரை மெதுவாக எரிய ஆரம்பித்தது. தூசியெல்லாம் பொன்னாகி மேலே போகிறது, கீழே வருகிறது. வீடு முழுவதும் தேன் ஊற்றினதுபோல ஆகிவிட்டது. தண்ணீர்க் குடம், உன் சேலை, சுவரில் வினோலியா சின்னப் பிள்ளையில் கிறுக்கியது எல்லாம் அந்த வெளிச்சத்தில் மிதந்தன. நான் மூச்சை மெதுவாக விட்டேன். பெரிதாக விட்டால் கலைந்துவிடும்போல இருந்தது. இருபது நிமிஷம் இருக்கும். பிறகு சுவரில் ஏறிப் போய்விட்டது.

இது தினமும் நடக்கிறதா, ஃப்ளோரா? நான் பெங்களூரில் நட்டும் போல்ட்டும் முடுக்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் இங்கே இது நடந்துகொண்டிருந்ததா?

வெயில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் உன் நாற்காலி இருக்கிறது. அதன் கால்கள் தரையைத் தேய்த்து நான்கு சின்னக் குழி ஆகியிருக்கிறது. நீ தினமும் அங்கே உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறாய், தனியாக.

உன் நாற்காலியில் நான் உட்காரவில்லை. பின்னாலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்து வந்து, துடைத்து, உன்னுடையதற்குப் பக்கத்தில் போட்டேன். நேற்றும் உட்கார்ந்தேன், இன்றைக்கும் உட்கார்ந்தேன். யாருடைய வேலைக்கும் நான் நடுவில் இல்லை.

நீ அவசரப்பட்டு வர வேண்டாம். தங்கம்மாவோடு இன்னும் நான்கு நாள் இருக்க வேண்டுமென்றால் இரு. நான் இங்கேதான் இருக்கிறேன்.

உன்
சிரில்